வந்தேறி நுளம்பின் ஊர் எது? கிணற்றடியிலிருந்து மரபணு வரை

மன்னாரில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் கிணறுகளைச் சோதித்தபோது அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு அகப்பட்டது. அந்த வருடம் செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை இலங்கை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கியிருந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012இல். சான்றிதழ் கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு எங்கள் கிணற்றுக்குள் வந்து குடியேறிவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். மீன்பிடி வள்ளத்தில் வந்தது என்பார்கள், கப்பலில் வந்தது என்பார்கள், காற்று கொண்டுவந்து போட்டது என்பார்கள். இந்திய முகாம்களிலிருந்து திரும்பி வந்த அகதிகளின் சாமானோடு வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆதாரம் இல்லாமல் ஒரு கூட்டம் மனிதர்மேல் நுளம்பை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகவாவது இந்த வேலையை ஒழுங்காகச் செய்யப் பழக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடத்தில் நுளம்போடு பாடுபடுகிறவள். இறுதியாண்டு ஆய்வுக்கென்று வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். கையில் பெரிய பணம் இல்லை, டிஎன்ஏத் துண்டைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் ஒன்று இருக்கிறது, மின்சாரம் பெரும்பாலும் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

இந்த நுளம்பின்மேல் ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்களுக்கு ஆபிரிக்க நாடான ஜிபூட்டியைக் காட்டினால் போதும். அங்கே ஸ்டீபன்சியை முதலில் கண்டது 2012இல். அந்த ஆண்டு அந்நாட்டில் மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். அவ்வளவையும் நுளம்பின் கணக்கில் மட்டும் எழுத முடியாதென்றாலும் அதன் பங்கு பெரிது. ஆபிரிக்காவின் பழைய மலேரியா நுளம்புகள் பெரும்பாலும் மழைத் தண்ணீரை நம்பிக் கிராமப்புறத்தில் பெருகுபவை. ஸ்டீபன்சிக்கோ சீமெந்துத் தொட்டியும் கிணறும் மொட்டைமாடித் தாங்கியும் போதும். சென்னையில் அது நூறு வருடமாக நடத்தும் வாழ்க்கை அதுதான். மழை இல்லாத மாதத்திலும் மனிதன் தண்ணீர் சேமிப்பான், நுளம்பும் பிழைத்துக்கொள்ளும்.

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

மாணவர்கள் வந்தவுடன் "என்ன பிரைமர் வாங்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பிசிஆரில் எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் குட்டி டிஎன்ஏ இழைதான் பிரைமர். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்று வேறு கேள்விகளை ஒன்றாகக் குழைத்து வைத்திருப்பார்கள்.

இது ஸ்டீபன்சிதானா என்பது முதல் கேள்வி. இதற்கு ஒரு சிறிய மரபணுத் துண்டு போதும். இதன் உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இதற்கும் அதே துண்டைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் ஒப்பிட வெளியூர் மாதிரிகள் வேண்டும், பதிலும் அரைகுறையாகத்தான் வரும். மன்னாருக்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் போனது, ஒரு முறை வந்ததா பல முறை வந்ததா என்பது மூன்றாவது. இதற்கு அந்தச் சிறிய துண்டு பெரும்பாலும் வாய் திறக்காது.

காரணம் எளிது. எல்லோரும் படிக்கும் சிஓஐ என்ற துண்டு, கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாவின் டிஎன்ஏயில் இருப்பது, 658 எழுத்து நீளம். ஸ்டீபன்சியின் முழு மரபணுத்தொகை 25 கோடி எழுத்துக்குக் கிட்ட. வந்து பத்து வருடமே ஆன நுளம்பின் 658 எழுத்தில் இங்கே வைத்துப் புதிதாக ஒரு மாற்றம் பிறந்து பரவியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாம் காணும் வேறுபாடெல்லாம் பழைய ஊரிலேயே இருந்த வேறுபாடு. அவற்றுள் எது கடல் கடந்தது, எது கடக்கவில்லை என்பதுதான் தடயம். இதை மனதில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

கிணற்றடி

வேலையின் கனமான பகுதி இதுதான். ஆய்வுகூடத்தில் பிழைத்தால் மறுநாள் திரும்பச் செய்யலாம். கிணற்றடியில் பிழைத்தால் அந்தப் பருவமே போய்விடும்.

பிரதேசத்தின் பொது சுகாதாரப் பரிசோதகரிடமும் மலேரியாத் தடை இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்திலும் முதலில் சொல்லுங்கள். எந்தக் கிணற்றில் நுளம்புப் புழுவைத் தின்னும் மீன் விட்டிருக்கிறார்கள், எதற்கு மருந்து போட்டிருக்கிறார்கள், எது பாழ்கிணறு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்காமல் போனால் மீன் விட்ட கிணறுகளாகத் தேடித் தேடி வெறும் கையோடு வருவீர்கள்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்காமல் எதையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. பேசாலையில் ஒரு அம்மா என்னிடம், "பிள்ளை, என் கிணற்றில் புழு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லப் போகிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் குறிப்பேட்டில் வீட்டுக்குப் பெயர் இல்லை, ஒரு இலக்கம்தான் இருக்கும் என்று காட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தார். வெளியிடும் கட்டுரையிலும் கிணற்றின் துல்லியமான ஆள்கூறுகளைக் கொடுக்காமல் கிராம அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள்.

குடம்பி, அதாவது நுளம்பின் புழு, எடுக்க நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பை வேண்டும். ஆழமான கிணற்றுக்குக் கயிற்றில் கட்டிய சிறு வாளி, உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் நல்லது. உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நில்லுங்கள். நிழலோ அதிர்வோ பட்டவுடன் குடம்பிகள் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கினால் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், மூச்சு விட அவை மேலே வந்தே ஆக வேண்டும். நடுத் தண்ணீரில் அள்ளிப் பயனில்லை. சுவரோரம், பாசி ஒட்டிய இடம், விழுந்த இலையின் அருகு, இவைதான் இடம். அகப்பையைச் சரித்து விளிம்போடு மெல்ல இழுத்து எடுங்கள்.

அகப்பையில் தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக, படுத்த மாதிரிக் கிடப்பது அனோபிலிஸ். வால் பக்கத்துக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்குவது வேறு நுளம்பு வகைகளான கியூலெக்ஸோ ஈடிஸோ. அனோபிலிஸிலும் இலங்கைக் கிணறுகளில் பல இனம் உண்டு, ஸ்டீபன்சி என்று அங்கேயே முடிவு கட்டாதீர்கள்.

ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையில் அகப்பையையும் வாளியையும் கழுவித் துடைத்து வெயிலில் காயவையுங்கள். மிஞ்சிய தண்ணீரை இன்னொரு கிணற்றிலோ தொட்டியிலோ ஊற்றவே கூடாது, மண்ணில் ஊற்றுங்கள். நுளம்பு எப்படிப் பரவியது என்று ஆராயப் போன ஆளே அதைப் பரப்பிவிட்டு வரக் கூடாது அல்லவா.

கிடைத்தால் கூட்டுப்புழுக்களை எடுங்கள். ஓரிரு நாளில் வளர்ந்த நுளம்பாகிவிடும், இனம் பார்க்க வசதி. வலை கட்டிய குவளைக்குள் வைத்து, வெளிவந்த பிறகு உறைபெட்டியில் போட்டுக் கொல்லுங்கள். உயிரோடு எதையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம். நுணுக்குக்காட்டியின் கீழ் முதலில் வாயுறுப்பின் இரு பக்கமும் நீளும் தொடுகொம்புகளை (பல்ப்) பாருங்கள். ஸ்டீபன்சியில் மூன்று வெண்பட்டைகள் இருக்கும், அவற்றுக்கு இடையே உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள். கால்களிலும் அதே புள்ளிகள். எங்கள் பக்கம் மலிந்து கிடக்கும் அனோபிலிஸ் சப்பிக்டஸில் இந்தப் புள்ளி இல்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவில் இதை உள்ளூர் அனோபிலிஸ் இனம் என்று பார்வையில் நினைத்துக் கடந்துபோனதும் உண்டு. அங்கே புழக்கத்தில் இருந்த பழைய இனங்காண் அட்டவணைகளில் ஸ்டீபன்சி இருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இல்லாததை அட்டவணை எப்படிக் காட்டும்?

இனி எண்ணிக்கை. ஒரு கிணற்றில் நாற்பது குடம்பி கிடைத்தவுடன் மாணவர்களுக்கு மகிழ்ச்சி, நாற்பதையும் படிக்கலாம் என்கிறார்கள். கூடாது. ஒரு பெண் நுளம்பு ஒரு தடவையில் நூறு முட்டையளவு இடும். அந்த நாற்பதும் ஒரு தாய் பிள்ளைகளாக இருந்தால் உங்களிடம் இருப்பது மைட்டோகொண்ட்ரியாக் கணக்கில் ஒரே ஒரு மாதிரி, ஏனென்றால் மைட்டோகொண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஒரு கிணற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நாற்பது கிணற்றிலிருந்து நாற்பது நுளம்பு என்பதுதான் நாற்பது.

ஒரு ஊருக்கு எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த ஊர் நுளம்புகளில் 10 சதவீதத்திடம் இருக்கும் ஒரு வகையை ஒருமுறையாவது பிடித்துவிடுவோம் என்று 95 சதவீத நிச்சயம் வேண்டுமானால் 29 நுளம்பு தேவை. 5 சதவீதத்திடம் மட்டும் இருக்கும் வகைக்கு 59. ஐந்து நுளம்பைப் படித்துவிட்டு "இங்கே ஒரே வகைதான் உள்ளது" என்று எழுதுகிறவர்களுக்காக இந்த இரண்டு எண்களையும் எங்கள் ஆய்வுகூடக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு நுளம்புக்கு ஒரு குழாய். 95 சதவீதத்துக்குக் குறையாத எதனோல், உடல் முழுதும் மூழ்க வேண்டும். குடம்பியின் உடலில் தண்ணீர் அதிகம், அது எதனோலை ஐதாக்கிவிடும், ஆகவே மறுநாள் பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பெயர்ச்சீட்டைச் சிறிய தடித்த கடதாசியில் பென்சிலால் எழுதிக் குழாய்க்கு உள்ளே போடுங்கள். பேனை மையும் மார்க்கர் மையும் எதனோல் பட்டால் கரைந்து ஓடிவிடும், மூடிமேல் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும். சீட்டில் இலக்கம், கிராமம், கிணறா தாங்கியா, திகதி, எடுத்தவரின் பெயரெழுத்து. குழாய் தொலைந்தால் ஒரு நுளம்பு போகும். சீட்டு அழிந்தாலும் அதே நட்டம்தான், ஆனால் அது குளிர்பெட்டியில் இடம் வேறு பிடிக்கும்.

ஒரு கால் போதும்

டிஎன்ஏ எடுக்க முழு நுளம்பையும் அரைக்க வேண்டியதில்லை. ஒரு காலோ இரண்டு காலோ போதும். மீதி உடலைப் பாதுகாத்து வையுங்கள், இனம் பற்றி யாராவது கேள்வி கேட்டால் காட்ட அதுதான் சாட்சி. காலை எடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. நாம் பயன்படுத்தும் சிஓஐ பிரைமர்கள் பல விலங்குகளுக்குப் பொதுவானவை. இரத்தம் குடித்த நுளம்பின் வயிற்றை எடுத்தால் மாட்டின் டிஎன்ஏ எழுத்து வரிசையோ மனிதனின் வரிசையோ வந்து நிற்கலாம்.

விலை கொடுத்து வாங்கும் பிரித்தெடுப்புப் பெட்டிகள் நல்லவை, ஆனால் எங்கள் வரவுசெலவுக்கு ஒவ்வொரு காலுக்கும் அது தாங்காது. செலெக்ஸ் என்ற பிசின் மணிகளை 5 சதவீதமாகத் தண்ணீரில் கலந்து, அதில் காலை நசுக்கிப் போட்டு, 95 பாகையில் 15 நிமிடமளவு சூடாக்குகிறோம். கொதிப்பில் கலங்கள் உடையும், டிஎன்ஏயைச் சிதைக்கும் நொதியங்களுக்குத் தேவையான உலோக அயன்களை மணிகள் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். இங்கேதான் கை நடுங்கக் கூடாது. ஒரு மணி பிப்பெட்டுக்குள் ஏறிவிட்டாலும் அது பிசிஆருக்கு வேண்டிய மக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பிசிஆர் ஊமையாகிவிடும். அடியில் ஒரு விரல் நுனியளவு விட்டுவிட்டு எடுங்கள், அதற்காகக் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த முறையில் எடுத்த டிஎன்ஏ நீண்ட காலம் நிற்காது. சில வாரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பிரைமர்கள் 1994இல் போல்மர் குழுவினர் வெளியிட்ட எல்சிஓ 1490, எச்சிஓ 2198 என்ற பழைய சோடிதான். 95 பாகையில் தொடக்கச் சூடு சில நிமிடம், பிறகு 35 சுற்று: 94 பாகையில் 30 வினாடி, 50 பாகைக்குக் கிட்ட 40 வினாடி, 72 பாகையில் ஒரு நிமிடம். கடைசியில் 72 பாகையில் ஏழெட்டு நிமிடம். டிஎன்ஏயை நீளப்படி பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் பட்டை மங்கலாக வந்தால் நடுவிலுள்ள பாகையை இரண்டு மூன்று குறைத்துப் பாருங்கள். பிரைமர்களின் நீளமும் சேர்வதால் 700 எழுத்தை ஒட்டி ஒரு தெளிவான பட்டை வர வேண்டும். டிஎன்ஏ போடாமல் தண்ணீர் மட்டும் போட்ட குழாய் ஒன்று ஒவ்வொரு தடவையும் கூடவே ஓட வேண்டும். அதில் பட்டை வந்தால் அன்றைய குழாய்கள் எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள், இதில் சமரசம் கிடையாது.

கலத்தின் கருவிலிருக்கும் ஐடிஎஸ்2 என்ற துண்டையும் ஒரு சில நுளம்புகளிலாவது படியுங்கள். இனத்தை உறுதிப்படுத்த அது இரண்டாவது சாட்சி. ஸ்டீபன்சிக்கு மட்டும் பட்டை தரும் பிரைமர்களும் வந்துவிட்டன. வரிசை படிக்கப் பணம் இல்லாத சுகாதார அலுவலகங்களுக்கு அவை நல்ல துணை.

வரிசை படிக்க வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்கச் சொல்லுங்கள். செலவைப் பாதியாக்க ஒரு பக்கம் மட்டும் படிக்கிறவர்கள் ஒரு எழுத்து வித்தியாசத்தைக் கண்டவுடன் அது உண்மையா படிப்புப் பிழையா என்று தெரியாமல் திண்டாடுவார்கள். எங்களுக்கு ஒருமுறை ஒரு நிறுவனத்திலிருந்து வந்த கோப்புகளில் மாதிரித் தட்டின் இரண்டு நிரல்கள் இடம் மாறியிருந்தன. கட்டுப்பாட்டு மாதிரியாக நடுவில் ஒரு கியூலெக்ஸ் காலை வைத்து அனுப்பியதால்தான் அது தெரிந்தது, கியூலெக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அனோபிலிஸ் நின்றது. இப்படி ஒரு வேற்றாளைத் தட்டில் செருகி அனுப்புவது மலிவான காப்புறுதி.

கோப்பு வந்ததும் எழுத்துகளை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நிற முகடாகக் காட்டும் படத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் முப்பது, ஐம்பது எழுத்து கலங்கலாக இருக்கும், வெட்டிவிடுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றால், மைட்டோகொண்ட்ரியாவில் அது வழக்கம் இல்லை. ஒன்று கலப்படம், அல்லது கருவுக்குள் ஒட்டிக்கொண்ட பழைய மைட்டோகொண்ட்ரியாப் பிரதி. புரதமாக மொழிபெயர்த்தும் பாருங்கள், முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகொண்ட்ரியாக் குறியீட்டைத் தெரிவுசெய்து. சாதாரணக் குறியீட்டில் போட்டுவிட்டு "நடுவில் நிறுத்தக் குறி வருகிறது, அக்கா" என்று ஓடிவருகிறவர் ஒவ்வொரு வருடமும் ஒருவராவது உண்டு.

ஒப்பிடுவதில் உள்ள பொறிகள்

வரிசையை, உலக ஆய்வாளர்கள் தங்கள் வரிசைகளைப் போட்டுவைக்கும் ஜென்பேங்க் தளத்தில் தேடினால் ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் இந்தியா இருந்தால் இந்தியாவிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியலை இறக்கிப் பாருங்கள். நூறு சதவீதம் பொருந்துவது இருபது முப்பது இருக்கும், அதற்குள் பாகிஸ்தானும் இருக்கும், வேறு நாடுகளும் இருக்கும். சமமாகப் பொருந்துபவற்றில் எது மேலே நிற்கிறது என்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

இன்னொரு பொறி, அந்தத் தளத்தில் இருப்பது உலகத்தின் நுளம்புகள் அல்ல, யாரோ படித்துப் போட்ட நுளம்புகள். 2016இல் எத்தியோப்பியாவின் கெப்ரி தெஹாரில் பிடித்த ஸ்டீபன்சியின் வரிசைகள் பாகிஸ்தான் வரிசைகளோடு மிக நெருங்கி நின்றன. அது நல்ல தடயம். ஆனால் அன்று ஒப்பிடக் கிடைத்தவற்றுள் நெருங்கியது பாகிஸ்தான் என்பதுதான் அதன் முழு அர்த்தம். யாரும் மாதிரி எடுக்காத துறைமுகம் எந்தப் படத்திலும் வராது. போதாததற்கு ஆய்வுகூடக் கூண்டுகளில் தலைமுறை தலைமுறையாக வளரும் கூட்டங்களின் வரிசைகளும் அங்கே கிடக்கின்றன. எஸ்டிஏ 500 என்பது பாகிஸ்தானிலிருந்து எடுத்து உலக ஆய்வுகூடங்களில் வளர்க்கும் கூட்டம். அதைக் காட்டு நுளம்பாக எண்ணி எல்லையைக் கடக்கவைத்துவிடாதீர்கள்.

ஆகவே ஒப்பீட்டு மாதிரிகளை நீங்களே திட்டமிட வேண்டும். மன்னாருக்கு என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இராமேசுவரம், தூத்துக்குடி, சென்னை. மேற்கே கேரளக் கரை. 2001இல் இந்த நுளம்பு பதிவான இலட்சத்தீவுகள். இவற்றை நீங்களே போய்ப் பிடித்துக்கொண்டு வர முடியாது. இந்தியாவில் ஒரு கூட்டாளி வேண்டும், உயிரியல் மாதிரிகள் எல்லை கடக்கச் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அங்கேயே படித்து எழுத்துக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வது லேசு, அதற்கும் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து பிசிஆரைவிட அதிக காலம் எடுக்கும், அதனால் முதல் மாதமே தொடங்குங்கள்.

வரிசைகள் சேர்ந்ததும் மெகா மென்பொருளில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு வரிசை குட்டையாக இருந்தால் அதற்காக முழுப் படமும் தகவலை இழக்கும், அதைக் கழற்றிவிடுவது மேல். ஒரே எழுத்து வரிசை கொண்டவை எல்லாம் ஒரு ஹாப்லோடைப். பாப்ஆர்ட் என்ற இலவச மென்பொருள் ஹாப்லோடைப்புகளை வட்டங்களாக வரையும். வட்டத்தின் பருமன் எத்தனை நுளம்பு என்பதைக் காட்டும், நிறம் ஊரைக் காட்டும், இணைக்கும் கோட்டின் குறுக்கு வெட்டுகள் எத்தனை எழுத்து வித்தியாசம் என்பதைக் காட்டும்.

நடுவில் பெரிய வட்டம், அதில் எல்லா நாட்டு நிறமும் கலந்திருந்தால் அது பொதுச் சொத்து, அதை வைத்து எந்த ஊரையும் குற்றம் சாட்ட முடியாது. உங்கள் மாதிரியில் உள்ள அரிய ஹாப்லோடைப் ஒன்று வேறு ஒரே ஒரு ஊரில் மட்டும் இருந்தால் அப்போது நிமிர்ந்து உட்காரலாம். அடுத்தது பல்வகைமை. புதிதாகக் குடியேறிய இடத்தில் சில தாய்களின் வழி மட்டுமே வந்திருக்கும், வகை குறைவாக இருக்கும். எத்தியோப்பியாவில் ஊர் ஊராகப் பார்த்தபோது மொத்தத்தில் ஹாப்லோடைப் சிலவே, ஒன்று தெற்காசியாவிலும் காணப்படுவது, கிழக்கிலும் வடகிழக்கிலும் வகை கூடுதல். கடலுக்கும் எல்லைக்கும் கிட்டிய பக்கத்தில் வகை கூடி உள்ளே போகப் போகக் குறைவது, நுழைந்த பக்கத்தை ஊகிக்க உதவும் கோலம். இதற்கு மாறாக, வந்தேறிய இடத்திலும் மூல ஊர் அளவுக்கு வகை இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்திருக்கலாம், அல்லது ஒரே தடவையில் நிறைய வந்திருக்கலாம். சிஓஐ மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

வரைபடத்தில் அம்புக்குறி போடுவதில் நான் கடுமையானவள். அம்பு திசையைச் சொல்கிறது. ஹாப்லோடைப் வலை உறவைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. மாணவர்கள் அழகாக அம்பு போட்டுக் கொண்டுவந்தால் அழித்துவிட்டு வரச் சொல்வேன்.

தீவுக்குள் அது நகர்ந்த கதைக்கு முழு மரபணுத்தொகையிலும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படிக்க வேண்டும். நொதியத்தால் வெட்டிக் குறிப்பிட்ட துண்டுகளை மட்டும் படிக்கும் முறையும் உண்டு, முழுத் தொகையையும் படிக்கும் முறையும் உண்டு. 2021இல் ஸ்டீபன்சியின் நிறமூர்த்த அளவிலான தரமான மரபணுத்தொகை வெளியானதிலிருந்து இவை இரண்டும் சுலபமாகிவிட்டன. செலெக்ஸில் எடுத்த டிஎன்ஏ இதற்குப் போதாது, சுத்தமான பிரித்தெடுப்பு வேண்டும். கால் எடுத்து மிஞ்சிய உடல் இப்போது கைகொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூச்சிகொல்லி எதிர்ப்பைத் தரும் சோடியம் வாயில் மரபணுவின் எல்1014எஃப் மாற்றத்தை இரண்டு ஊரிலும் கண்டவுடன் ஒன்றிலிருந்து மற்றதுக்கு வந்தது என்று எழுதாதீர்கள். ஒரே மருந்தை அடிக்கும் இரண்டு ஊரிலும் அதே மாற்றம் தனித்தனியாக மேலோங்க முடியும். கட்டுப்பாட்டு வேலைக்கு அந்தத் தகவல் பொன், சுகாதாரத் திணைக்களத்துக்கு உடனே கொடுங்கள். வம்சாவழி பார்க்க மட்டும் அதை நம்பாதீர்கள்.

முடிவை எழுதும்போது

புதிய கிராமத்தில் ஸ்டீபன்சி உறுதியானால் கட்டுரை எழுதும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மலேரியாத் தடை இயக்கத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் பெயர் பிறகும் வரலாம், மழைக்கு முன் மீன் விடும் வேலை பிறகு நடக்காது. வரிசைகளை ஜென்பேங்கில் போடும்போது நாடு, மாவட்டம், திகதி, குடம்பியா வளர்ந்ததா, கிணறா தாங்கியா எல்லாவற்றையும் நிரப்புங்கள். வெறும் "இலங்கை" என்று போட்டால் அடுத்து வருகிறவருக்கு உதவாது.

உங்கள் முடிவு வாக்கியம் இந்த அளவில் நிற்கட்டும்: "இந்த மாதிரிகளில் கண்ட ஹாப்லோடைப்புகள் இன்ன இன்ன ஊர்களிலும் காணப்படுகின்றன, இன்ன ஊர்களிலிருந்து ஒப்பீட்டு மாதிரி இல்லை, இந்த மரபணுத் துண்டை மட்டும் வைத்து, நுளம்பு வந்த வழியைத் தீர்மானிக்க முடியாது." உங்கள் ஆய்வேட்டைப் பார்க்கும் பரீட்சகர் "இவ்வளவுதானா?" என்று கேட்டால், எந்தெந்தத் துறைமுகத்தில் மாதிரி எடுத்தால் பதில் கிடைக்கும் என்ற பட்டியலை அவர் கையில் கொடுங்கள். அந்தப் பட்டியல்தான் அடுத்த வருடப் பிள்ளையின் ஆய்வுத் தலைப்பு.